செய்தி எண் எட்டு: அடிவாரம்

1. மஞ்சள் கவுன்

காலை பதினொன்று இருபதுக்கு அந்தச் செய்தி என் மேசைக்கு வந்தது. அன்றைய ஏழாவது செய்தி. முந்தைய ஆறும் வழக்கமானவை. தண்ணீர் லாரி எங்கே நிற்கிறது, அருவிப் படியில் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது, யாரோ ஒரு பெரிய மனிதரின் காருக்கு வழிவிடுங்கள், இந்த மாதிரி. ஏழாவது, ஒரு குழந்தையைக் காணவில்லை என்றது.

கொல்லிமலையில் ஆடித் திருவிழா நாள் அது. செம்மேட்டில் விழாவுக்காகப் போட்ட கட்டுப்பாட்டு அறையின் மூலையில் எனக்கு ஒரு மேசை தந்திருந்தார்கள். மேலே என் வயர்லெஸ் செட், கூரையில் ஆன்டெனா. செல்போன்கள் காலை ஒன்பது மணிக்கே படுத்துவிட்டன. மலையேறி வந்த அத்தனை பேரும் ஆளுக்கு நாலு போட்டோ அனுப்ப நினைத்தால் பாவம், டவர் என்ன செய்யும்? அந்த மாதிரி நாட்களில்தான் எங்கள் ஞாபகம் எல்லாருக்கும் வரும். நாங்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, சொந்தச் செலவில் செட் வாங்கி, சம்பளமில்லாமல் வேலை பார்க்கிற கூட்டம். நான் தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்திரண்டு வருடம் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பதினொரு வருடம் இதே மலையில். ஆகவே இங்கே விழா என்றால் கண்ட்ரோல் ஸ்டேஷனில் உட்காருவது நான்தான். ஜோசப் சார் உட்கார்ந்தால் தப்பு நடக்காது என்று பேச்சு. எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

அன்று நாலு இடங்களில் எங்கள் ஆட்கள் கையில் ஹேண்ட்செட்டோடு நின்றார்கள். கோயில், அருவி, வாசலூர்பட்டி படகுத்துறை, மலை இறங்கி முடிகிற காரவள்ளி அடிவாரம். ஒருவரையொருவர் இடத்தின் பெயரால்தான் கூப்பிடுவோம். நான் ‘கண்ட்ரோல்’.

குழந்தையின் தாய் திருப்பூர்க்காரப் பெண். படகுத்துறையில் டிக்கெட் வரிசையில் நின்றபோது குழந்தையைக் காணோம். அதிகாரி ஒருவர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர் ஹாசினி, பெண், வயது ஐந்து, மொட்டைத் தலை, சந்தனம் பூசியது, மஞ்சள் கவுன்.

“ஆண் ஒருவர் அழைத்துச் சென்றதாகச் சந்தேகம். அதையும் போட்டுக்குங்க” என்றார்.

“யாராச்சும் பாத்தாங்களா சார்?”

“யாரும் பாக்கலை. அந்தம்மா பயப்படுறாங்க. எழுதுங்க சார். ஒருத்தன் கூட்டிட்டுப் போயிட்டான்னு சொன்னாத்தான் தேடுவானுங்க. சும்மா காணோம்னு சொன்னா எவன் எந்திரிக்கிறான்?”

எழுதினேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. செய்தியைக் கடத்துகிறவன் ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவதே அதுதான். அன்று அந்த விதிக்குப் பின்னால் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன். இது பொய் சார், போட மாட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாலு ஸ்டேஷனுக்கும் செய்தி எண் ஏழைச் சொன்னேன். நாலு பேரும் எழுதிக்கொண்டு, எனக்கே திரும்ப வாசித்துக் காட்டினார்கள். அதுவும் விதி. அடிவாரத்தில் இருந்தவர் செல்வராஜ். சேந்தமங்கலத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர். எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். “இறங்கற ஒவ்வொரு பஸ்ஸையும் ஏறிப் பாத்துர்றேன் கண்ட்ரோல்” என்றார். சொன்னபடி செய்தார். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, கண்டக்டர்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தார். பத்து நிமிடத்தில் அடிவாரம் முழுக்க மொட்டைத் தலையையும் மஞ்சள் கவுனையும் தேட ஆரம்பித்துவிட்டது.

அதே நாளில் கோயிலில் எத்தனை குழந்தைகளுக்கு மொட்டை போட்டிருப்பார்கள் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

2. இரண்டு தட்டு

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தப்பு அங்கிருந்துதான் வந்தது, அந்தப் பழக்கத்தைக் கொண்டு வந்தவன் நான்.

சில வருடங்களுக்கு முன் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் போக்குவரத்து நின்றது. மின்சாரமும் இல்லை. ஹேண்ட்செட்டில் பேசினால்தான் பேட்டரி தீரும், கேட்டுக்கொண்டிருந்தால் அவ்வளவு தீராது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். செய்தி கிடைத்தது என்று வாயால் சொல்ல வேண்டாம், பேசுகிற பட்டனை இரண்டு தரம் தட்டிவிடுங்கள். எனக்கு ‘கட், கட்’ என்று கேட்கும். அதுவே போதும் என்றேன். அந்த இரண்டு நாளும் அது பிரமாதமாக வேலை செய்தது. வெளியூர் ஹாம்கள்கூட விசாரித்தார்கள். நானும் கூட்டங்களில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

மழை போயிற்று, மின்சாரம் வந்தது, பழக்கம் மட்டும் போகவில்லை. பேட்டரி முழுதாக இருக்கும்போதும் தட்டினோம். அது எங்கள் குழுவின் ஸ்டைல் ஆகிவிட்டது. குரலுக்கு ஆள் தெரியும், தட்டுக்கு ஆள் தெரியாது என்பது முப்பத்திரண்டு வருடம் லைன் பார்த்த எனக்குத் தோன்றவே இல்லை.

3. கிடைத்துவிட்டாள்

பன்னிரண்டு பத்துக்குக் குழந்தை கிடைத்தது. யாரும் தூக்கிப் போகவில்லை. படகுத்துறை வாசலில் நின்ற ஒரு சுற்றுலா வேனைத் தங்கள் வேன் என்று நினைத்து ஏறி, கடைசி சீட்டில் பைகளுக்கு நடுவே படுத்துத் தூங்கியிருக்கிறாள். வேன் செம்மேட்டுக்கு வந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்க டிரைவர் பின்கதவைத் திறந்தபோது பார்த்திருக்கிறார். தூக்கிக்கொண்டு நேராக எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

“சாமி, இது யாரூட்டுக் கொழந்தைங்க?” என்று அவர் கேட்டு முடிக்கவில்லை. தாய் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். முதுகில் ரெண்டு அடி வைத்தாள், அப்புறம் முத்தம் கொடுத்தாள், அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். அறையில் இருந்த எல்லாரும் கை தட்டினோம். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்கவில்லை.

உடனே செய்தி எண் எட்டு எழுதினேன். ‘செய்தி ஏழு ரத்து. குழந்தை கிடைத்துவிட்டது. தேட வேண்டாம்.’ நாலு ஸ்டேஷனுக்கும் பொதுவாக ஒரு முறை வாசித்தேன். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

கோயில் வாயாலேயே பதில் சொன்னது. படகுத்துறையும் சொன்னது. “அடிவாரம், செய்தி எட்டு கிடைத்ததா?” என்று கேட்டேன்.

கட், கட்.

செய்தி போய்ச் சேர்ந்ததைக் குறிக்கிற லாக் ஷீட்டில் அடிவாரத்துக்கு எதிரே டிக் போட்டேன். அடுத்து அருவியைக் கூப்பிட்டேன். அங்கேயும் கட், கட். அதற்கும் டிக். நாலு டிக்கும் விழுந்தன. செய்தி ஏழை நாலு பேரும் வரி வரியாக எனக்கு வாசித்துக் காட்டினார்கள் என்று சொன்னேன் அல்லவா? செய்தி எட்டுக்கு அதை நான் கேட்கவில்லை. நல்ல செய்திதானே, இதில் என்ன தப்பாகிவிடும் என்ற எண்ணம். அதிகாரி போட்டோ எடுக்கக் கூப்பிட்டார். குழந்தை நடுவில், தாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். டிரைவர் போட்டோவில் இல்லை. அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்கப் போய்விட்டார்.

4. “ஆளையும் புடிச்சாச்சு”

ஒன்றரை மணிக்குத் தக்காளி சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஹாசினி எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். செட்டில் செல்வராஜின் குரல் கேட்டது. குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“கண்ட்ரோல், கண்ட்ரோல், இது அடிவாரம். செய்தி ஏழு. கொழந்த கெடச்சிருச்சு! ஆளையும் புடிச்சாச்சு!”

பின்னால் பெரிய கூச்சல் கேட்டது. அதற்குள் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டது.

நான் எதிரே இருந்த குழந்தையைப் பார்த்தேன். கையில் சோறு அப்படியே இருந்தது. “அடிவாரம், குழந்தை இங்கே இருக்கு. பன்னெண்டு மணிக்கே கிடைச்சாச்சு. செய்தி எட்டு சொன்னேனே, நீங்க தட்டினீங்களே!”

 “எனக்கு எட்டுன்னு எதுவுமே வரலீங்க சார். நா எதையும் தட்டலீங்க” என்றார்.

“அந்த ஆளை விடச் சொல்லுங்க. ஓடுங்க செல்வராஜ்!”

அவர் ஓடினார். ஆனால் அதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டிருந்தது. நடந்ததைப் பிற்பாடு அவர் வாயாலேயே கேட்டேன். நான் செய்தி எட்டைச் சொன்ன நேரத்தில் அவர் நெரிசலான ஒரு பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரும்புக் கூட்டுக்குள் சிக்னல் போகவில்லை. அந்த ‘கட், கட்’ அருவியில் நின்றவருடையது. கோயிலும் படகுத்துறையும் பதில் சொன்னதைக் கேட்டு, அடுத்தது தன் முறைதான் என்று, கூப்பிடும்வரை காத்திராமல் தட்டியிருக்கிறார். பிறகு அவரைக் கூப்பிட்டபோது இன்னொரு முறை தட்டினார். அவர் மேல் என்ன குற்றம்? தட்டச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பிடிபட்டவர் பெயர் வெள்ளையன். மலைமேலேயே குண்டூர் நாடு என்கிற பகுதியில் விவசாயி. காலையில் மகளுக்குக் கோயிலில் மொட்டை போட்டுவிட்டு, பேளுக்குறிச்சி சந்தையில் மிளகு விற்று அவளுக்குச் செருப்பு வாங்கலாம் என்று பஸ்ஸில் இறங்கியிருக்கிறார். மகள் கோகிலாவுக்கு ஐந்து வயது முடிந்து ஆறு. மஞ்சள் கவுன்.

பஸ்ஸை விட்டு இறங்கிய உடனே சுற்றிக்கொண்டார்கள். “ஏனுங்க, இது எம்புள்ளைங்க, எம்புள்ளைங்க” என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒருவன் குழந்தையிடம் குனிந்து, “உம்பேரு ஹாசினிதான கண்ணு?” என்று கேட்டிருக்கிறான். சுற்றிலும் அத்தனை முகங்கள். பயந்துபோன குழந்தை தலையை ஆட்டிவிட்டது. அப்புறம் யார் கேட்பார்கள்? குழந்தையை ஒருத்தி தூக்கிக்கொள்ள, மற்றவர்கள் வெள்ளையனை அடித்தார்கள். மகளின் கண் முன்னால் அடித்தார்கள். பஸ்ஸில் கூட வந்த இரண்டு பேர், “எங்கூரு ஆளுங்க, விடுங்க” என்று கத்தியதற்கு அவர்களுக்கும் விழுந்தது.

இடது காதில் விழுந்த அறையில் செவிப்பறை கிழிந்துவிட்டது.

5. சான்றிதழ்

அறைக்குள் செய்தி தெரிந்ததும் அதிகாரி என்னைப் பார்த்து, “பப்ளிக் கொஞ்சம் ஓவரா போயிட்டாங்க. ஆனாலும் ஒரு விழிப்புணர்வு இருக்குது பாருங்க” என்றார். அந்த ஆளைப் போய்ப் பார்க்க வேண்டாமா சார் என்று கேட்டேன். “ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சாச்சு. நீங்க இதைப் பெருசு பண்ணாதீங்க” என்றார். ‘ஆண் ஒருவர்’ என்ற வரியை எழுதச் சொன்னவர் அவர். எழுதியவனும், அதை நாலு திசைக்கும் தெளிவான குரலில் வாசித்தவனும் நான். ஆகவே நானும் பெருசு பண்ணவில்லை.

எங்கள் குழுக் கூட்டத்தில் இதைப் பேச எடுத்தேன். செல்வராஜ் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் நெளிந்தார்கள். எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், “வானிலை சரியில்ல, சிக்னல் கட் ஆச்சுன்னு லாக்ல ஒரு வரி சேத்துரலாம் சார். அடுத்த வருஷம் நம்மளக் கூப்பிட மாட்டாங்க, பாத்துக்குங்க” என்றார். அன்று வானத்தில் ஒரு மேகம்கூடக் கிடையாது. நான் லாக்கைத் திருத்தவில்லை. அதற்காக என்னை நல்லவன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தாளை யாரிடமும் காட்டவும் இல்லை. கவரில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

விழா முடிந்த இரண்டாம் வாரம் எங்களுக்குப் பாராட்டு. காணாமல் போன குழந்தையை விரைந்து மீட்க உதவியமைக்காக என்று அச்சடித்து, லேமினேஷன் போட்ட சான்றிதழ். குழந்தையை மீட்டது பசி. டிரைவருக்குப் பசித்திராவிட்டால் அவள் ராசிபுரம் போய்த்தான் விழித்திருப்பாள். மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். போகக்கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தடவை கூப்பிட்டதும் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். கை தட்டினார்கள். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

இதைப் படிக்கிற புதிய ஹாம்களுக்கு நான் சொல்ல வேண்டிய தொழில் விஷயம் இவ்வளவுதான். ஒரு குழந்தையைத் தேடச் சொல்லும் செய்திக்கு எத்தனை கவனம் கொடுக்கிறீர்களோ, தேடலை நிறுத்தச் சொல்லும் செய்திக்கு அதைவிட ஒரு மடங்கு அதிகம் கொடுங்கள். கேட்டவர் யார் என்று குரலில் தெரிய வேண்டும், செய்தியைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். கடைசி ஸ்டேஷன் வாசித்து முடிக்கும்வரை போட்டோவுக்கு எழுந்து போகாதீர்கள். ஒருவர் பதில் சொல்லாவிட்டால் வண்டி எடுத்துக்கொண்டு ஆள் போகட்டும், எழுபது வளைவு இறங்க வேண்டியிருந்தாலும் போகட்டும். யாரும் பார்க்காத ஒரு ஆளைச் செய்தியில் சேர்க்கச் சொன்னால் பேனாவைக் கீழே வையுங்கள். அதற்காக அடுத்த வருடம் கூப்பிடாவிட்டால் போகிறது.

6. குண்டூர் நாடு

பாராட்டு வாங்கிய மறுவாரம் வெள்ளையன் வீட்டைத் தேடிப் போனேன். மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு அந்தத் தைரியம் வந்தது. மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ஓட்டு வீடு. வாசலில் அவர் மனைவி தானியம் புடைத்துக்கொண்டிருந்தார். இன்னார் என்று சொன்னேன். முறத்தைக் கீழே வைக்காமல் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“நீங்கதானா அது? வாங்க. வந்து பாருங்க” என்றார்.

வெள்ளையன் கொல்லையிலிருந்து வந்தார். நான் பேச ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினார். “இந்தப் பக்கம் பேசுங்க. அந்தப் பக்கம் அடஞ்சு போச்சுங்க.”

நடந்ததை முழுதும் சொன்னேன். தட்டு, டிக், போட்டோ, சான்றிதழ் எல்லாம். தப்பு என்னுடையது என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். ரேஷன் கார்டு, குழந்தையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், மூன்றும் ஜெராக்ஸ். “புள்ளையக் கூட்டிட்டு மலை எறங்கறதுன்னா இதையெல்லாம் எடுத்துக்கறனுங்க. எம்புள்ளையக் கூட்டிட்டுப் போறதுக்கு எனக்குக் காயிதம் வேண்டியிருக்குது.”

“பஸ்ஸுல கையப் புடிச்சுக்கறதும் இல்லீங்க” என்றார் அவர் மனைவி. “இவரு முன்னால நிப்பாரு, புள்ள எங்கிட்ட நிக்கும். அவளுக்கு அப்பன் கையின்னாத்தான் உசுரு. இப்ப அவளே புடிக்கறதில்ல. புடிச்சா அப்பாவ அடிப்பாங்கங்கறா.”

 இந்த மலையில் ஒரு குழந்தையும் தொலையக்கூடாது என்றுதான் வருடா வருடம் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இவளை இவள் அப்பாவிடமிருந்து நானே பிரித்து வைத்திருந்தேன்.

கோகிலா கதவோரம் நின்று பார்த்தாள். மொட்டைத் தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. என் இடுப்பில் எப்போதும் போல ஹேண்ட்செட் தொங்கியது. வெள்ளையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு இதுலதானுங்க சொன்னீங்க?”

“ஆமாங்க. இந்த மாதிரி ஒண்ணுலதான்.”

“இப்பவும் பேசுமுங்களா?”

“பேசும்.”

“அப்ப சொல்லுங்க. இது கோகிலா, இது எம்புள்ளைன்னு சொல்லுங்க. அன்னைக்குக் கேட்டவிய எல்லாத்துக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க.”

செட்டை எடுத்தேன். பட்டனை அழுத்தி, என் அழைப்புப் பெயரைச் சொல்லி, வழக்கமான குரலில் நிதானமாக வாசித்தேன். ‘செய்தி எண் ஒன்பது. குண்டூர் நாடு, கோகிலா, வயது ஆறு. உடன் இருப்பவர் வெள்ளையன். அவளுடைய தந்தை. கேட்டவர்கள் பதில் சொல்லவும்.’

பட்டனை விட்டேன். வெள்ளையன் குனிந்து வலது காதை செட்டுக்குப் பக்கத்தில் கொண்டு வந்தார். கோகிலா கதவை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

கட், கட்.

“தட்டியது யார்? பெயர் சொல்லவும்” என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை.

“கேட்டுட்டாங்களாங்க?” என்றார் வெள்ளையன்.

“இல்லீங்க.”

“சத்தம் வந்துதுங்களே. எனக்கே கேட்டுதுங்களே.”

“அது கணக்குல வராதுங்க” என்று சொல்லிவிட்டு, திரும்பவும் பட்டனை அழுத்தினேன்.